இரவல் பதிவேட்டின் பின்பாதி

அன்று காலை பத்து மணிக்கு வாசகசாலையின் நடுக்கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வாசகசாலையை நிறுவிய சிதம்பரதாணு பிள்ளையின் பேத்தியும், நில அளவைத் துறையில் மாவட்ட அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவருமான சிவகாமசுந்தரி. அவருடைய தம்பி நெல்லையப்பன். நூலகர் ஜெபக்கனி. மனு போட்ட தங்கமாரி, மின்பேருந்துப் பணிமனையில் தலைமை மெக்கானிக். மாநில நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்புக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த கண்காணிப்பாளர் ஹபீபுல்லா. காவலாளி இசக்கி. இவர்களைத் தவிர வேறு யாரும் அந்த நேரத்தில் அங்கே இல்லை. "நானும் அங்கதான் நின்னேன்" என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை எல்லாம் நிறுத்தவேண்டுமானால் அந்தக் கூடம் போல நாலு கூடம் கட்டவேண்டும்.

மேசைமேல் இருந்தது செங்கல்.

பாளையங்கோட்டையில் அந்தப் பதிவேட்டுக்கு அதுதான் பெயர். 1936 முதல் 1947 வரை யார் எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கினார்கள் என்று எழுதிவைத்த ஏடு. பிற்காலத்தில் ஆற்றில் வந்த வெள்ளம் வாசகசாலைக்குள் மூன்று நாள் தேங்கி நின்றது. ஊறிக் காய்ந்த பதிவேட்டில் தாளோடு தாள் ஒட்டி ஒரே கட்டியாகிப் போயிற்று. பிரித்தால் சருகாக உதிரும் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். திறக்க முடியாத ஏட்டைப் பற்றி ஊர் இஷ்டத்துக்குப் பேசலாம். பேசியது.

வாய்க்கால்கரைத் தெருவார் சொன்னது இது: 1938ஆம் ஆண்டு தங்கமாரியின் தாத்தா சுடலைமுத்து எஞ்சின் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாசகசாலைப் படியேறினார். சிதம்பரதாணு பிள்ளை அவரை இரண்டாவது படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அந்தத் தெருவார் ஒருவரையும் அவர் உள்ளே விட்டதில்லை.

மேட்டுத்தெருவில் சிவகாமசுந்தரியின் வீட்டில் சொன்னது வேறு. "உங்க தாத்தா யாரையும் விரட்டினதே கிடையாது. எழுத்து எல்லாருக்கும் பொதுன்னு சொன்ன மனுசன்." இதை அவருடைய அப்பா சொல்ல, அவர் நம்பி, அந்த நம்பிக்கையில் எழுபத்துநாலு வயதுவரை முதுகு வளையாமல் நடந்தார்.

சிதம்பரதாணு பிள்ளையின் பெயரையே புதிய டிஜிட்டல் தொகுப்புக்கும் வைக்கப்போகிறார்கள் என்றதும் தங்கமாரி மனு போட்டார். 'விரட்டியவர் பெயர் வேண்டாம். இருக்கிற பெயர்ப்பலகையையும் எடுக்கவேண்டும்.' சிவகாமசுந்தரி அதே நாளில் பதில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 'பதிவேட்டைப் படியுங்கள். அதில் வாய்க்கால்கரையார் ஒருவர் பெயர்கூட இல்லையென்றால் பலகையை நானே என் கையால் கழற்றுவேன்.'

எழுதிக் கொடுத்தபின் மூன்று வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அது வேறு விஷயம். யாரிடமும் அவர் சொல்லவில்லை.

"இந்தச் செங்கல இப்ப எப்படிப் படிக்கப் போறீங்க?" என்று கேட்டார் நெல்லையப்பன். "பிரிக்கவும் கூடாதுங்கீங்க."

ஜெபக்கனி தன் கைபேசியை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "இதுல பின்பக்கம் மூணாவது கண்ணு இருக்குல்லா, மாங்காக் கண்ணு?"

எல்லாக் கைபேசியிலும் நாலைந்து வருஷமாக அது இருக்கிறது. தோலுக்கு அடியில் ஊடுருவிப் பார்க்கும் சிறு கண். கல்வைத்துப் பழுக்கவைத்த மாம்பழமா, தானாகப் பழுத்ததா என்று பார்க்கத்தான் ஜனங்கள் அதை அதிகம் பயன்படுத்தினார்கள்.

"தோலுக்கு அடியில பாக்குற கண்ணு தாளுக்கு அடியிலயும் பாக்கும் சார். வெறுந்தாள் ஒரு மாதிரி தெரியும், மை உள்ள இடம் வேற மாதிரி தெரியும். மூடினபடியே எழுத்தப் படிச்சிரலாம்."

"அப்ப உங்க போன் ஒண்ணு போதுமே?"

"ஒரு போனு நாலு தாளுக்கு மேல போகாது. அதுக்கு அப்புறம் எல்லாம் புகைமூட்டம். நாலா பக்கமும் போன் வச்சு எல்லாம் ஒரே நேரத்துல பாத்தா, ஒண்ணுக்குக் கலங்கினது இன்னொண்ணுக்குத் தெளியும். எத்தன போன் கூடுதோ அத்தன ஆழம் போகலாம்."

"கல்யாணப் பந்தியில ஆளாளுக்கு ஒரு சேதி கேட்டுட்டு வந்து முழுக் கதையும் சேக்குற மாதிரி" என்றார் இசக்கி.

"அதேதான். ஆனா இதுல பொய் சேராது."

ஆறு கைபேசிகளைப் பதிவேட்டைச் சுற்றி நிறுத்தினார்கள். சுவரில் விழுந்த படத்தில் முதல் இருபது தாள்கள் தெளிந்தன. அதன்பின் புகை.

"எத்தன போன் வேணும்?" என்றார் சிவகாமசுந்தரி.

"இன்னும் அம்பதாவது வேணும்மா."

நெல்லையப்பன் குடும்பக் குழுவில் செய்தி போட்டார். அதில் நூற்றுப் பதினேழு பேர். இருபது நிமிஷத்தில் ஒன்பது பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். ஒருவர் 'நல்ல முயற்சி, வாழ்த்துகள்' என்று எழுதினார். வருகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை.

"பயந்துட்டாவ போல" என்றார் தங்கமாரி சுவரைப் பார்த்துக்கொண்டே.

சிவகாமசுந்தரி அவர் பக்கம் திரும்பினார். "உங்க ஆளுங்க வருவாங்களா?"

"எதுக்கு வரணும்?"

"எங்க தாத்தா விரட்டினாருன்னு சொல்லுதியளே. அதை எழுத்துல பாக்கவேண்டாமா?"

தங்கமாரி அவரை முதன்முறையாக நேராகப் பார்த்தார். பிறகு வெளியே போய் ஒரே ஒரு அழைப்புப் பேசினார்.

அரை மணி நேரத்தில் வாய்க்கால்கரை வந்து சேர்ந்தது. பணிமனை உடுப்போடு சிலர், பால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒருவர், கல்லூரிப் பெண்கள் ஒரு கூட்டம், கறிவேப்பிலைக் கட்டோடு ஒரு அம்மாள். ஐம்பத்தெட்டுக் கைபேசிகள். வந்தவர்கள் வாசலில் நின்று செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள்.

சிவகாமசுந்தரி வாசலுக்குப் போனார். வழியை மறிக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு கணம் அப்படித்தான் நின்றார்.

"செருப்போட வாங்க" என்றார். "இது கோயில் இல்ல, வாசகசாலை. ரெண்டாவது படி கொஞ்சம் உடைஞ்சிருக்கு, பாத்து ஏறுங்க."

கறிவேப்பிலை அம்மாள் சிரித்துவிட்டார். "எங்களுக்கு அந்த ரெண்டாவது படி நல்லாத் தெரியும் தாயி. எங்க தெருவுல அதப் பத்தித்தானே பேச்சு."

கைபேசிகளைத் தோரணம் போல வளைத்து வளைத்து மூன்று அடுக்காக நிறுத்தினார்கள். சுவரில் புகை விலகியது. தாள் தாளாக, நீலக்கறுப்பு மையில், தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய எழுத்து மேலெழுந்து வந்தது.

இந்த வாசகசாலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் பதிவேட்டில் தன் கையால் ஒரு வரி எழுதவேண்டும். 'நன்றாக இருந்தது' என்றெழுதினால் சிதம்பரதாணு பிள்ளை ஏற்கமாட்டார். படித்ததற்கு அடையாளம் வேண்டும். அதனால் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு வரி இருந்தது. அதற்காகத்தான் மாநிலத் தொகுப்பு இந்தப் பதிவேட்டை இவ்வளவு ஆசையாகக் கேட்டது. நாளை யாராவது ஒரு பழைய நூலுக்கு எதிரே கைபேசியை நீட்டினால், அதை முன்னே படித்தவர் எழுதிய வரி திரையில் தெரியவேண்டும் என்பது அவர்கள் திட்டம்.

ஹபீபுல்லா பெயர்ப்பட்டியலை வாசித்தார். முன்பாதியில் முந்நூற்றுப் பதினொரு பெயர். வக்கீல்கள், வாத்தியார்கள், கச்சேரி குமாஸ்தாக்கள். ஒவ்வொன்றுக்கும் தெருப்பெயர் உண்டு. மேட்டுத்தெரு, தெற்குத் தெரு, சன்னதித் தெரு. வாய்க்கால்கரை ஒன்றுகூட இல்லை.

"பின்பாதி?" என்றார் சிவகாமசுந்தரி. குரல் மாறவில்லை.

"பின்பாதிக்குப் 'பெண்கள் பகுதி'ன்னு தலைப்பு போட்டிருக்கு. தொள்ளாயிரத்து நாற்பது பதிவு. ஆனா ஒரே பெயர்தான். உலகம்மாள், உலகம்மாள், உலகம்மாள்."

"அது தாத்தாவோட தங்கச்சி, சின்ன வயசுலயே தாலியறுத்தவங்க" என்று விளக்கினார் நெல்லையப்பன். "அந்தக் காலத்துல வீட்டுப் பொம்பளைங்க பேர் பொது ஏட்டுல ஏறப்படாது. வெள்ளிக்கிழமை வாசகசாலைக்கு லீவு. அன்னிக்கு உலகாத்தை ஓலப்பெட்டியில பொஸ்தகத்தையும் பதிவேட்டையும் வச்சு வீடு வீடாக் கொண்டு போவாங்களாம். எல்லாம் அவங்க பேர்லயே ஏறும். அந்தப் பகுதிய ஆம்பளைங்க புரட்டக்கூடாதுன்னு தாத்தாவே விதி எழுதி வச்சிருந்தாரு. இப்ப அறுபது பேர் பாத்தாச்சு!"

யாரும் சிரிக்கவில்லை.

சிவகாமசுந்தரி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். "இசக்கி, ஒரு ஸ்குரூ டிரைவரும் ஸ்டூலும் கொண்டு வா."

"அக்கா!"

"எழுதிக் குடுத்திருக்கேன், நெல்லையப்பா."

வாசலுக்குப் போகும் அந்த இருபது அடியில் அவர் என்ன நினைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அப்பா பொய் சொல்லிவிட்டார் என்பது ஒன்று. அப்பாவும் நம்பித்தானே சொல்லியிருப்பார் என்பது இன்னொன்று. இவ்வளவு காலம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது எதை நம்பி என்பது மூன்றாவது. ஸ்டூலில் ஏறினார்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க!" ஜெபக்கனி கூடத்துக்குள்ளிருந்து ஓடிவந்தார். "உங்க உலகாத்தைக்கு எத்தன கை?"

"என்ன கேள்வி இது?"

"கையெழுத்தப் பிரிச்சுப் பாக்குறதும் இதுலயே இருக்கு. பெயர்ப் பத்தி முழுக்க ஒரே கை. ஆனா எதிர்ல இருக்க வரிகள எழுதினது ஒரு ஆள் இல்ல. அறுபத்தொரு ஆள்."

"மேட்டுத்தெருப் பொம்பளைங்களா இருக்கும்" என்றார் நெல்லையப்பன்.

"பாதி இருக்கும் சார். மீதிய நீங்களே வந்து படிங்க."

சுவரில் அந்த வரிகள் வரிசையாக நின்றன. 'சாயத்தொட்டியில் கை வெந்தால் என்ன செய்வது என்று இதில் இல்லை.' 'இந்த ஆசிரியர் பட்டினி கிடந்ததில்லை.' 'செருப்புத் தைப்பவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்; ஊசியை எந்தக் கையில் பிடிப்பான் என்று தெரியவில்லை அவருக்கு.' அடுத்து, தடித்த எழுத்தில், ஒரு எஞ்சின் புத்தகத்துக்கு எதிரே: 'மூன்றாம் அதிகாரத்தில் வால்வுப் படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. நேராக வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன். அடுத்து எடுப்பவர் ஏமாறவேண்டாம்.'

தங்கமாரி கையோடு ஒரு பழைய நோட்டுக் கொண்டுவந்திருந்தார். படிக்கத் தெரிந்த மனிதரைத்தான் விரட்டினார்கள் என்பதற்குச் சாட்சியாக, தாத்தா ரைஸ் மில்லில் எஞ்சின் டிரைவராக இருந்தபோது எழுதிய நோட்டு. அதை அவர் ஜெபக்கனியிடம் நீட்டினார். ஜெபக்கனி கைபேசியை அதன்மேல் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கை அண்ணாச்சி" என்றார். "உங்க தாத்தாதான். பதினாலு தடவ எழுதியிருக்காரு."

கூட்டம் ஓவென்று கத்தியது. கறிவேப்பிலை அம்மாள் குலவையிட்டார். பணிமனைக்காரர்கள் தங்கமாரியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். அலமாரியில் அந்த எஞ்சின் புத்தகத்தைத் தேடிப் பிடித்து மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தபோது, நாலாக மடித்த காகிதம் ஒன்று, நேரான வால்வோடு, இருந்த இடத்திலேயே இருந்தது. மேல் அலமாரி, வெள்ளம் அங்கே எட்டவில்லை.

நெல்லையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியளா? முன்வாசல்ல ஊருக்குப் பயந்து விரட்டுற மாதிரி விரட்டிட்டு, தங்கச்சி கையில பொஸ்தகத்தக் குடுத்து விட்டிருக்காரு எங்க தாத்தா! பெயர்ப் பத்தி முழுக்க ஒரே கைன்னு சொல்லுதாங்கல்லா? அது தாத்தா கைதான்! உலகாத்தைக்கு ஆனா ஆவன்னா தெரியாது. இந்தா பாருங்க, பாகப்பத்திரம்." அக்காள் கொண்டுவந்திருந்த தகரப்பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துக் காட்டினார். 'உலகம்மாள், எழுத்தறியாதவர், இடது பெருவிரல் ரேகை.' ஹபீபுல்லா அதையும் ஒரு படம் எடுத்துத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

தங்கமாரி மட்டும் கொண்டாட்டத்தில் சேரவில்லை. "அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார் சிவகாமசுந்தரியிடம். "பொஸ்தகம் குடுத்தாவ. சரி. எங்க தாத்தா பேர ஏன் எழுதல? பதினாலு தடவ படிச்ச மனுசன். பதினாலு தடவயும் வேற ஆள் பேரு. செத்துப்போற வரைக்கும் வீட்டுல இதச் சொல்லவும் இல்ல. சொன்னா அந்த அம்மாவுக்கு ஆபத்துன்னு நெனச்சிருப்பாரு."

சால்ஜாப்பு சொல்ல அங்கே பலருக்கு வாய் வந்தது. காலம் அப்படி, ஊர் அப்படி.

"எழுதியிருக்கணும்" என்றார் சிவகாமசுந்தரி. "எழுதாதது தப்பு."

மறுபடி ஸ்டூலை நோக்கி நடந்தார்.

"எதுக்கு அக்கா இன்னும்? அதாம் ஜெயிச்சாச்சே!"

"கை இருக்கு. பேர் இல்ல. நான் எழுதிக் குடுத்தது பேரப் பத்தி. சொன்ன சொல்லுக்கு நம்ம வீட்டுல பின்வாசல் கிடையாது."

ஸ்டூல் ஆடியது. தங்கமாரி வந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார். "நான் பிடிச்சுக்கிடுதேன். கழட்டுறது நீங்கதான்."

"பின்ன? உங்களையா கழட்டச் சொன்னேன்?"

துருவேறிய நாலு திருகாணி. மூன்றாவது மட்டும் அசையவில்லை. மெக்கானிக் கீழேயிருந்து யோசனை சொல்ல, அதிகாரி மேலேயிருந்து அதட்ட, கால்மணி நேரத்தில் அதுவும் கழன்றது. பலகை இறங்கியபோது வாய்க்கால்கரையார் கைதட்டினார்கள். விழுந்ததற்குத் தட்டிய கை அல்ல அது. சிவகாமசுந்தரிக்கு அந்த வித்தியாசம் விளங்கியது.

அதன்பின் மூன்று மாதம் பாளையங்கோட்டையில் அதே வேலைதான். பழைய கடிதம், கல்யாண மொய்க் குறிப்பு, சாமிபடத்தின் பின்னால் எழுதிய பிறந்தநாள், மில் சீட்டு. தாத்தன் பாட்டன் கையெழுத்து எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு ஜனங்கள் வாசகசாலைக்கு வந்தார்கள். கைபேசியை வைத்தார்கள். ஒத்துப்போனால் குலவை, ஒத்துப்போகாவிட்டால் பெருமூச்சு. மேட்டுத்தெருவிலிருந்தும் வந்தார்கள், நூற்றுப் பதினேழு பேரில் எண்பது பேராவது வந்தார்கள். தங்கள் வீட்டுப் பெண்கள் என்னென்ன எழுதியிருந்தார்கள் என்று பார்த்துச் சிலருக்கு முகம் சிவந்தது. 'இந்தக் கதையில் வரும் கணவனை நான் தினமும் பார்க்கிறேன்' என்று ஒரு வக்கீலின் மனைவி எழுதியிருந்தார். அந்த வரியை நீக்கச் சொல்லி அவருடைய பேரன் கேட்டான். பேத்தி கூடாதென்றாள். பேத்தி சொன்னதுதான் நின்றது.

அறுபத்தொரு கைகளில் ஐம்பத்தேழு பேருக்குப் பெயர் கிடைத்தது. புதுப் பலகையில் அந்தப் பெயர்களை வெட்டினார்கள். மீதி நாலு பேருக்கு நாலு வெற்றுக் கோடு விட்டார்கள். தொகுப்பு திறந்த நாளில் தங்கமாரி எஞ்சின் புத்தகத்துக்கு எதிரே கைபேசியை நீட்டினார். தாத்தாவின் வரி தெரிந்தது. அதன் கீழே, முதன்முறையாக, சு. சுடலைமுத்து, வாய்க்கால்கரை. தமிழ்நாட்டில் எந்த ஊரில் அந்தப் புத்தகத்தை எவர் எடுத்தாலும் இனி வால்வு நேராகத்தான் இருக்கும்.

ஊரில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. சிதம்பரதாணு பிள்ளை முன்வாசலில் விரட்டினாலும் ரகசியமாக வாய்க்கால்கரைக்குப் புத்தகம் அனுப்பினார், எழுத்தறியாத தங்கையின் பெயரைத் தானே எழுதி ஊரை ஏய்த்தார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கும் பெருமையாக இருக்கும்.

அது உண்மை அல்ல.

பெயர்ப் பத்தியின் கையெழுத்து முன்பாதியில் உள்ள சிதம்பரதாணு பிள்ளையின் கையெழுத்தோடு ஓரிடத்திலும் ஒத்துப்போகவில்லை. தொள்ளாயிரத்து நாற்பது பதிவிலும் பெயரை எழுதியவர் ஈர மையை இடது பெருவிரலால் ஒற்றியிருக்கிறார். அந்த ரேகையும் பாகப்பத்திரத்தில் 'எழுத்தறியாதவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள ரேகையும் ஒன்று. சிதம்பரதாணு பிள்ளை தான் எழுதிய விதியை மீறவில்லை. பெண்கள் பகுதியை அவர் ஒருநாளும் புரட்டியதில்லை. இதைத் தொகுப்பின் முகப்பில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கையெழுத்திட்டவர் அவருடைய பேத்தி சிவகாமசுந்தரிதான்.

அந்தப் பகுதியின் முதல் தாளில், எந்தப் புத்தகத்துக்கும் எதிரே இல்லாமல், அதே கையில் ஒரு வரி இருக்கிறது: 'இந்தப் பக்கத்தை அண்ணன் பார்க்கமாட்டான்.'